மலாக்கா கடல் அருங்காட்சியகத்தில் மாதிரிக் கப்பல்களைப் பார்ப்பது எப்படி: கோலாலம்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஆற்றங்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் அந்தப் பெரிய மரக்கப்பலின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே வேகமாக ஒரு சுற்று நடந்துவிட்டு, ஜோங்கர் வீதிக்குப் போய்விடுகின்றன. கண்ணாடிப் பேழைகளில் இருக்கும் மாதிரிக் கப்பல்களை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு மேல் அவற்றில் என்ன பார்ப்பது என்று யாரும் சொல்லித் தராததே அதற்குக் காரணம். எந்தக் காற்றை நம்பி அந்தக் கப்பல் புறப்பட்டது, எத்தகைய கரையில் ஒதுங்கியது, எதை ஏற்றிச் சென்றது, யாருக்கு அஞ்சிப் பீரங்கி வைத்துக்கொண்டது என்பதையெல்லாம் ஒரு நல்ல மாதிரி மரத்தாலும் கயிற்றாலும் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது கடினம் அன்று. அந்த வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாப் பேழைகளையும் பார்த்து முடிக்க முயலாமல், ஐந்தாறு மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து முழுமையாகப் படிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

புறப்படுவதற்கு முன்

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டியோ அவர்களுக்கு முந்தைய தலைமுறையோ எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்த ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தார்கள் என்று குடும்பத்தின் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலருடைய நினைவில் ‘ரஜுலா’ என்ற பெயர் இருக்கும். 1926இல் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு இடையே 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பின் வந்தவர்கள் ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலைச் சொல்லக்கூடும். அது 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு உள்ளாகும் வரை அதே கடல்வழியில் பயணிகளை ஏற்றி வந்தது. இந்தப் பெயர்களைக் கேட்டு அறிந்த பிள்ளைகள் அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரியின் முன் நிற்கும் விதமே மாறிவிடுகிறது. தங்கள் வீட்டுக் கதை தொடங்கிய இடம் ஒரு கப்பலின் மேல்தளம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

கையில் ஒரு சிறு குறிப்பேடு, பென்சில், மடக்கக்கூடிய அளவுநாடா ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அளவுநாடாவைப் பேழையின் மேல் வைக்கக் கூடாது. பேழையின் வெளிவிளிம்புக்கு இணையாகக் காற்றில் பிடித்துப் பார்த்தாலே மாதிரியின் நீளம் தோராயமாகத் தெரிந்துவிடும். மலேசியர்களுக்கான கட்டணத்தைப் பெற மைகார்டு அடையாள அட்டையும் பிள்ளைகளுக்கு மைகிட் அட்டையும் தேவைப்படலாம். மரக்கப்பலுக்குள் காலணியைக் கழற்றச் சொல்லும் வழக்கம் உண்டு என்பதால், ஒரு துணிப்பையும் இருக்கட்டும். திறப்பு நேரத்தையும் கட்டணத்தையும் புறப்படும் நாளுக்கு முன் மலாக்கா அருங்காட்சியகக் கழகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் செல்வோர் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டர் ஓட்டி, ஆயர் குரோவில் இறங்கினால் நகரத்துக்குள் போகலாம். பேருந்தில் செல்வோர் பண்டார் தாசிக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் முனையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு வந்து, அங்கிருந்து நகரப் பேருந்தோ கிராப் வாடகைக் காரோ பிடித்து அருங்காட்சியகம் உள்ள பண்டா ஹிலிர் வரலாம். காலையில் அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்கே சென்றுவிடுவது நல்லது. வெயில் ஏற ஏற மரக்கப்பலின் மேல்தளம் சுடத் தொடங்கும். சுற்றுலாப் பேருந்துகளும் வந்துவிடும்.

பெரிய கப்பலே ஒரு மாதிரிதான்

ஆற்றங்கரையில் நிற்பது போர்ச்சுகீசியரின் ‘ஃபுளோர் டி லா மார்’ என்ற கப்பலின் நகல். 34 மீட்டர் உயரமும், 36 மீட்டர் நீளமும், 8 மீட்டர் அகலமும் கொண்டது. மூலக் கப்பல் 1502இல் லிஸ்பனில் கட்டப்பட்டது. இந்தியாவுக்கு ஓடிய போர்ச்சுகீசியக் கப்பல்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் உளுத்துப்போன காலத்தில், இது ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஓடியது. 1511 ஆகஸ்டில் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கு மலாக்காவைக் கைப்பற்றினார். கொள்ளையடித்த பொருள்களை இந்தக் கப்பலில் ஏற்றிப் புறப்பட்டார். நவம்பரில் சுமத்திராக் கரையருகே புயலில் சிக்கிக் கப்பல் உடைந்தது. அல்புகெர்க்கு உயிர் தப்பினார். கப்பலின் சிதைவு இதுதான் என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

உள்ளே நுழைவதற்கு முன் கப்பலை வெளியிலிருந்து முழுவதும் சுற்றி வாருங்கள். முன்புறத்திலும் பின்புறத்திலும் கோட்டைபோல எழும்பி நிற்கும் மேடைகள் வீரர்கள் நின்று எதிரிக் கப்பலின் மேல் அம்பும் குண்டும் எய்வதற்கானவை. உயரம் கூடக் கூடப் போரில் சாதகம். புயலில் அதே உயரம் பாதகம். நடுவில் தாழ்ந்து கிடக்கும் தளத்தில்தான் சரக்கு ஏற்றினார்கள், நங்கூரம் இழுத்தார்கள். இவற்றைப் பெரிய அளவில் கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகு உள்ளே போனால், பேழையில் கையகலத்தில் இருக்கும் கப்பலிலும் அதே உறுப்புகளை எளிதில் அடையாளம் காணலாம். ஆகவே பிள்ளைகளோடு செல்வோர் இந்த வெளிச்சுற்றைத் தவிர்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துக் கப்பல்கள் வரைபடம் தீட்டிக் கட்டப்பட்டவை அல்ல. கைவினைஞர்கள் விகிதக் கணக்காலும் கண்ணளவாலும் கட்டினார்கள். எனவே, நம் முன் நிற்கும் இந்த நகலும் பழைய ஓவியங்களையும் எழுத்துக் குறிப்புகளையும் கொண்டு இக்காலத்தவர் செய்த ஊகமே. அந்த ஊகத்துக்கு மதிப்பு உண்டு; ஆயினும் அதை ஊகம் என்று தெரிந்துகொண்டு பார்ப்பதே சரி.

அளவுவீதத்திலிருந்து தொடங்குங்கள்

பேழையின் முன் நின்றதும் கப்பலின் பெயரைப் படிப்பதற்கு முன்பே அளவுவீதத்தைத் தேடுங்கள். 1:100 என்றால் மாதிரியின் ஒரு சென்டிமீட்டர் உண்மைக் கப்பலின் ஒரு மீட்டர். வெளியே நிற்கும் 36 மீட்டர் கப்பல் இந்த வீதத்தில் 36 சென்டிமீட்டராகவும், 1:48 வீதத்தில் 75 சென்டிமீட்டராகவும் இருக்கும். இக்காலத்தின் 400 மீட்டர் கொள்கலன் கப்பலை 1:1250 என்ற வீதத்தில் செய்தால் அது வெறும் 32 சென்டிமீட்டர்தான். அருகருகே இருக்கும் இரண்டு மாதிரிகள் வெவ்வேறு வீதத்தில் செய்யப்பட்டிருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் இது பெரிது, அது சிறிது என்று முடிவு கட்டுவதே பார்வையாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

வீதம் எழுதப்படவில்லை என்றால் மாதிரியில் மனித உடலோடு தொடர்புள்ள ஒன்றைத் தேடுங்கள். கதவு, ஏணிப்படி, தளத்தின் கைப்பிடி வேலி ஆகியவை உதவும். கைப்பிடி வேலி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் இருக்கும். மாதிரியில் அது ஒரு சென்டிமீட்டர் என்றால் வீதம் 1:100க்கு அருகில். அதே வீதத்தில் ஒரு மனிதரின் உயரம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் அளவுதான். குறிப்பேட்டின் ஓரத்தில் அந்த உயரத்துக்கு ஓர் ஆளை வரைந்து, காகிதத்தைக் கண்ணாடியருகே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கப்பலின் உண்மையான பருமன் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

அடியிலிருந்து மேலே படியுங்கள்

நம் கண் இயல்பாகப் பாய்களுக்கே ஓடும். அதைத் தடுத்து, முழங்காலிட்டு, மாதிரியின் அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஏரா எனப்படும் அடிமரம் ஆழமாகக் கூர்ந்து இறங்குகிறதா, அல்லது அடிப்பாகம் தட்டையாக இருக்கிறதா? ஆழமான அடி திறந்த கடலில் பக்கவாட்டில் வழுக்காமல் செல்ல உதவும். தட்டையான அடி ஆற்று முகத்துவாரத்திலும் சேற்றுக் கரையிலும் உட்கார உதவும். சில மாதிரிகள் நீர்மட்டக் கோட்டுக்கு மேலுள்ள பாதியை மட்டும் காட்டும். அவற்றில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பலகைகள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். அரபுக் கடலோடிகளும் இந்தியப் பெருங்கடலின் பல கரையினரும் பலகைகளைத் துளையிட்டுத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் அவ்வாறு தைக்கப்பட்டதே. அலை வந்து அடிக்கும்போது தைத்த உடல் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் இவ்வகையைச் சேர்ந்தது; சுமார் 60,000 சீனப் பீங்கான் பொருள்களைச் சுமந்திருந்தது. அதை அடிப்படையாக வைத்து ஆணியில்லாமல் கட்டப்பட்ட ‘மஸ்கட்டின் மாணிக்கம்’ என்ற கப்பல் 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூர் வரை பாய்விரித்தே வந்து சேர்ந்தது. நல்ல மாதிரியில் தையலின் வரிசை தெரியும். மேம்போக்காகச் செய்யப்பட்டதில் வெறும் கோடுதான் இருக்கும்.

சீனக் கப்பலின் மாதிரியில் வெளியே தெரியாத ஒன்றே முக்கியமானது. அதன் உள்ளே குறுக்குத் தடுப்புச் சுவர்கள் உண்டு. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் அந்த அறை மட்டும் நீரால் நிரம்பும், கப்பல் மிதந்துகொண்டே இருக்கும். சீனாவின் சுவான்சௌ நகரில் 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டுக் கப்பலில் 12 தடுப்புச் சுவர்களும் 13 அறைகளும் இருந்தன. அதே சுவான்சௌவில்தான் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று சிவன் கோயில் இருந்ததைச் சொல்கிறது. இத்தகைய கப்பல்கள் நின்ற துறையில் நம் வணிகர்கள் குடியிருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தப் பேழையின் முன்னாலேயே சொல்லலாம்.

பிறகு சுக்கான். போர்ச்சுகீசியக் கப்பலிலும் சீனக் கப்பலிலும் அது பின்புறத்தின் நடுவில் ஒன்றாக இருக்கும். தென்கிழக்காசியாவின் பெரிய ‘ஜோங்’ கப்பல்களில் இரு பக்கத்திலும் ஒவ்வொன்றாக இரண்டு இருக்கும். ஜோங் மாதிரி ஒன்று கிடைத்தால் அதன் முன் கூடுதல் நேரம் நில்லுங்கள். பல அடுக்குப் பலகைகளால், இரும்பாணி இல்லாமல் மரமுளைகளால் இணைத்துக் கட்டப்பட்டவை அவை. 1511இல் மலாக்காவை நோக்கி வந்த போர்ச்சுகீசியர், சுமத்திராவின் வடகரையில் ஒரு ஜோங்கை எதிர்கொண்டபோது அது தங்கள் கப்பல்களைவிட உயர்ந்து நின்றதாகவும், தங்கள் பீரங்கிக் குண்டுகள் அதன் பலகை அடுக்குகளைத் துளைக்கவில்லை என்றும் எழுதி வைத்துள்ளனர். வெளியே நிற்கும் மரக்கப்பலின் பருமனைக் கண்டு வியந்து வந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தவறாதீர்கள். ஐரோப்பியர் வந்ததால்தான் இக்கடலில் பெரிய கப்பல்கள் தோன்றின என்ற எண்ணம் எத்தனையோ பேர் மனத்தில் கேள்வியின்றிப் பதிந்து கிடக்கிறது.

கடைசியாகப் பாய்களைப் பாருங்கள். சதுரப் பாய் பின்னாலிருந்து வீசும் காற்றுக்கு ஏற்றது. முக்கோணப் பாய் பக்கவாட்டுக் காற்றையும் பயன்படுத்திக்கொள்ளும். ஃபுளோர் டி லா மார் போன்ற கப்பல்களில் முன்மரத்திலும் நடுமரத்திலும் சதுரப் பாயும், பின்மரத்தில் முக்கோணப் பாயும் இருப்பதைக் கவனியுங்கள். பின்மரத்துப் பாய் கப்பலைத் திருப்ப உதவியது. சீனப் பாயில் குறுக்கே மூங்கில் சட்டங்கள் ஓடும். அவற்றின் உதவியால் பாயை மடிப்பு மடிப்பாக விரைவில் இறக்கலாம். எந்தப் பாயாயினும் பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டதே. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவின் பக்கமிருந்தும், வடகிழக்குப் பருவக்காற்று சீனத்தின் பக்கமிருந்தும் கப்பல்களைக் கொண்டுவந்தன. திரும்பிச் செல்லக் காற்று மாறும் வரை வணிகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மலாக்கா துறைமுக நகரமாகச் செழித்ததற்கு இந்தக் காத்திருப்பு பெரும் காரணம். மலாக்காச் செட்டிகள் என்று நாம் அறியும் சமூகம் இங்கே வேரூன்றியதற்கும் தொடக்கம் அதுதான்.

மாதிரி எதை நம்பிச் செய்யப்பட்டது?

ஒவ்வொரு மாதிரியின் முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. கப்பல் கட்டும் நிறுவனமே தன் கப்பலுக்குச் செய்த மாதிரி ஏறக்குறைய முழு நம்பிக்கைக்குரியது. பழைய வரைபடத்திலிருந்து செய்யப்பட்டது அதற்கு அடுத்தது. கடலடிச் சிதைவிலிருந்து செய்யப்பட்டதில் அடிப்பகுதியை நம்பலாம். பாயும் மேல்தளமும் பெரும்பாலும் ஊகம், ஏனெனில் அவை அழிந்துபோகும். ஒரு வரிச் செய்தியிலிருந்து செய்யப்பட்டவையும் உண்டு.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1405 முதல் 1433 வரை ஏழு முறை கடலோடிய அவருடைய கப்பற்படை மலாக்காவில் தங்கியது. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டை அவர் தரப்பு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்து வைத்தது. ஆனால், அவருடைய பெரிய கப்பல்களின் நீளம் 120 மீட்டருக்கு மேல் என்று சீன வரலாற்று நூல் தரும் அளவை, மரத்தால் அத்தனை நீளத்தில் கட்டினால் கடலில் தாங்காது என்று கூறிக் கப்பல் பொறியாளர்கள் பலர் ஏற்பதில்லை. கொலம்பசின் சிறு கப்பலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும் மாதிரிகளையும் படங்களையும் இந்த எச்சரிக்கையோடு பாருங்கள்.

நம்முடைய பெருமைக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். முதலாம் இராசேந்திரன் 1025இல் கடாரத்தின் (இன்றைய கெடா) மீது படையெடுத்ததை அவன் மெய்க்கீர்த்தி ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ என்று சொல்கிறது. கலங்கள் பல என்பது தெரிகிறது. அவற்றின் வடிவம் தெரியவில்லை. சோழர் கப்பல் என்று கைபேசியில் சுற்றிவரும் படங்களும் விற்பனைக்கு வரும் மாதிரிகளும் செய்தவரின் கற்பனையால் ஆனவை. பழைய சான்று வேண்டுவோர் சாதவாகனர் நாணயங்களில் உள்ள இரட்டைப் பாய்மரக் கப்பலையும், அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலையும், ஜாவாவின் போரோபுதூர்ச் சிற்பத்தில் பக்க மிதவையோடு செதுக்கப்பட்டுள்ள கப்பலையும் பார்க்கலாம். உள்ளதை உள்ளவாறு சொன்னால் சோழரின் கடற்செயல் எந்த வகையிலும் குறைந்துவிடாது.

நீராவிக் கப்பலின் மேல்தளம்

நீராவிக் கப்பலின் மாதிரி எதுவாயினும், அதன் முன்னால் வீட்டில் எழுதிய குறிப்பை எடுத்துப் படியுங்கள். புகைபோக்கியையும் பக்கச் சுவரில் வட்டமும் கோடுமாகப் போடப்பட்டுள்ள சுமைக்குறியையும் பார்த்துவிட்டு, பயணிகள் எங்கே இருந்திருப்பார்கள் என்று தேடுங்கள். நடுவில் மேலே வரிசையாகத் தெரியும் அறைகள் காசுள்ளவர்களுக்கானவை. நம்மவர்களில் பெரும்பாலோர் தளப் பயணிகள். படுக்கையறை இல்லாமல், பாய் விரித்துத் தளத்தில் படுத்துச் சமைத்துண்டு வந்தவர்கள். ரஜுலாவுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. மாதிரியில் அந்தத் தளம் வெற்றிடமாக, துடைத்து வைத்ததுபோல் இருக்கும். அந்த இடத்தை அளவுவீதத்தால் கணக்கிட்டு, ஓர் ஆளுக்கு எத்தனை சதுர அடி கிடைத்திருக்கும் என்று இடைநிலைப்பள்ளி மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரையிறங்குமுன் பினாங்கின் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டவர்களைப் பற்றியும் அப்போது பேசலாம்.

படமும் குறிப்பும்

படம் எடுக்க அனுமதி இருந்தால், மின்னொளியை அணைத்துவிட்டுக் கைபேசியின் வில்லையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், பளபளப்பு மறைந்துவிடும். மேலிருந்து எடுக்காமல் நீர்மட்டத்தின் உயரத்திலிருந்து எடுத்தால் கப்பல் கடலில் வருவதுபோல் தெரியும். முதலில் விளக்கப் பலகையைப் படம் எடுத்து, அதன் பின் மாதிரியை எடுங்கள். இல்லாவிட்டால் எது எந்தக் கப்பல் என்று பிறகு குழம்பும். சிறு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு மாதிரியைக் காட்டி, அதை வரையச் சொல்வது எந்த விளக்கத்தைவிடவும் பயன் தரும்; வரைகிறவர்தான் ஒவ்வொரு கயிறும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பார்.

நுழைவுச்சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கப்பலுக்கு வெளியே உள்ள பிற பகுதிகளுக்கும் அது செல்லுமா என்று முகப்பில் கேளுங்கள். சாலைக்கு எதிர்ப்புறத்தில் கடற்படையைச் சேர்ந்த ‘ஸ்ரீ திரெங்கானு’ என்ற ரோந்துக் கப்பல் நிறுத்தப்பட்டுள்ளது. மாதிரிகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு உண்மையான எஃகுக் கப்பல் ஒன்றின் அடிப்பகுதியைப் பார்க்க அது நல்ல வாய்ப்பு.

பினாங்கிலிருந்து வருவோருக்குச் சாலைவழி ஏறக்குறைய 500 கிலோமீட்டர் என்பதால், ஓர் இரவு மலாக்காவில் தங்கி, மறுநாள் காலையில் அருங்காட்சியகத்துக்குச் செல்வதே ஏற்றது. கோலாலம்பூர்க்காரர்கள் ஞாயிறு மாலையில் திரும்புவதாக இருந்தால் நெடுஞ்சாலையில் நெரிசலை எதிர்பார்க்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் ஆயர் குரோவைக் கடந்துவிடப் பாருங்கள், அல்லது இரவு உணவை மலாக்காவிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள்.